மழைக்கு ட்ரிப் ஆகும் ஆர்சிசிபியைக் கழற்றிவிடலாமா?

கேள்வி: எங்கள் வீடு 2006-இல் கட்டியது. மெயின் போர்டில் உள்ள ஆர்சிசிபி (மின்கசிவு ஏற்பட்டால் இணைப்பைத் துண்டிக்கும் கருவி) மழை நாள்களில் அடிக்கடி ட்ரிப் ஆகிறது. சில காலைகளில் கீசரைப் போட்ட சிறிது நேரத்திலும் ட்ரிப் ஆகிறது. வழக்கமாக வரும் எலக்ட்ரீசியன், "இது தொல்லை பிடித்த சாமான், எடுத்துவிட்டு டைரக்டாகக் கொடுத்துவிடுகிறேன், இல்லையென்றால் வீடு முழுக்க வயரிங் மாற்ற வேண்டும், 80,000 ரூபாய் ஆகும்" என்கிறார். வீட்டில் வயதான தாயாரும் நான்கு வயதுக் குழந்தையும் இருக்கிறார்கள். எதைச் செய்வது? (கும்பகோணத்திலிருந்து ஒரு வாசகர்)

இரண்டையுமே செய்ய வேண்டாம். தங்கள் ஆர்சிசிபி பழுதாகியிருப்பதாக நான் நினைக்கவில்லை. வீட்டில் எங்கோ மின்சாரம் கசிகிறது என்பதை அது ஒவ்வொரு முறையும் சரியாகச் சொல்லிக்கொண்டிருக்கிறது. சொல்கிற வாயை அடைத்துவிட்டால் கசிவு நின்றுவிடாது. அது அடுத்ததாக ஈரக் கையுடன் குழாயைத் தொடுகிறவர் உடல் வழியாகத் தரைக்குப் போகும்.

இந்தக் கருவி செய்வது ஒரே ஒரு வேலை. பேஸ் வழியாக வீட்டுக்குள் போகும் மின்சாரமும் நியூட்ரல் வழியாகத் திரும்பி வரும் மின்சாரமும் சமமாக இருக்கின்றனவா என்று அது இடைவிடாமல் ஒப்பிட்டுப் பார்க்கிறது. வீடுகளில் பொருத்தப்படும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி, வித்தியாசம் அந்த அளவை எட்டுவதற்குள், கண் இமைக்கும் நேரத்தில் இணைப்பைத் துண்டித்துவிடும். அதன் பக்கத்தில் வரிசையாக நிற்கும் எம்சிபிகளும் (ஒரு லைனில் அளவுக்கு மீறி மின்சாரம் பாய்ந்தால் துண்டிக்கும் சுவிட்சுகள்) இதே பாதுகாப்பைத் தருவதாகப் பலர் நம்புகிறார்கள். 16 ஆம்பியர் எம்சிபி என்றால் 16,000 மில்லி ஆம்பியர். மனிதனின் மார்பு வழியாக 30 மில்லி ஆம்பியருக்கு மேல் சில நொடிகள் பாய்ந்தாலே இதயத் துடிப்பு தாறுமாறாகிவிடக்கூடும் என்ற நிலையில், எம்சிபி காப்பாற்றுவது வயரைத்தான், மனிதரை அல்ல. 'டைரக்டாகக் கொடுப்பது' என்றால் மனிதரைக் காக்கும் ஒரே பொருளை எடுத்துவிடுவது என்று அர்த்தம்.

இனி, கசிவைக் கண்டுபிடிக்கும் வழி. ட்ரிப் ஆன நேரத்திலேயே இதைச் செய்தால்தான் பலன் உண்டு. எல்லா எம்சிபிகளையும் இறக்கிவிட்டு ஆர்சிசிபியை மட்டும் தூக்குங்கள். அது நின்றால், எம்சிபிகளை ஒன்றன்பின் ஒன்றாக, இடையில் ஓரிரு நிமிடம் விட்டுத் தூக்குங்கள். எதைத் தூக்கும்போது ட்ரிப் ஆகிறதோ அந்த லைனில் கசிவு இருக்கிறது. அந்த லைனில் உள்ள சாதனங்களின் பிளக்கை எல்லாம் பிடுங்கிவிட்டு மறுபடி பாருங்கள். சுவிட்சை அணைத்தால் போதாது, பிளக்கையே பிடுங்க வேண்டும் என்பதைக் கவனியுங்கள். சுவிட்ச் பேஸை மட்டுமே துண்டிக்கிறது, நியூட்ரல் இணைப்பு அப்படியே இருக்கும். எல்லா எம்சிபிகளையும் இறக்கிய பிறகும் ஆர்சிசிபி நிற்க மறுத்தால், எங்கோ நியூட்ரல் வயர் எர்த்தைத் தொட்டுக்கொண்டிருக்கக்கூடும். அதற்கு மேல் தாங்களே தேட வேண்டாம். போர்டின் மூடியைக் கழற்றுவது தங்கள் வேலை அல்ல.

தங்கள் கடிதத்தைப் படித்த வரையில் கசிவு ஓரிடத்தில் அல்ல, இரண்டு இடங்களில் இருப்பதாகத் தோன்றுகிறது. மழைக்கு ட்ரிப் ஆவது வெளிப்புறத்தில் உள்ள ஏதோ ஒன்றால்: கேட் விளக்கு, மதிலில் பதித்த காலிங் பெல் சுவிட்ச், மொட்டை மாடி விளக்குக்குப் போகும் பைப், போர்வெல் மோட்டார் கேபிளில் டேப் சுற்றி விட்ட ஜாயின்ட். என் அனுபவத்தில் பாதி வீடுகளிலாவது கேட் விளக்கோ மோட்டார் ஜாயின்ட்டோதான் காரணமாக இருந்திருக்கிறது. கீசரைப் போட்டதும் ட்ரிப் ஆவது அநேகமாக அதன் ஹீட்டிங் காயிலால். உப்பு நீர் காயிலின் மேலுறையை நாளடைவில் அரித்துத் துளையிடும். உள்ளே நிரப்பியிருக்கும் மின்காப்புத் தூள் ஈரத்தை உறிஞ்சும். அங்கிருந்து மின்சாரம் தண்ணீருக்கு இறங்கும். காயிலை மாற்றுவது பெரிய செலவில்லை. மாற்றும் வரை கீசரின் பிளக்கைப் பிடுங்கி வையுங்கள். அது பிளக் இல்லாமல் நேராக இணைத்ததாக இருந்தால் அந்த லைனின் எம்சிபியை இறக்கி வையுங்கள்.

கசிவு இல்லாமலேயே ஆர்சிசிபி ட்ரிப் ஆகும் நிலை ஒன்று உண்டு. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் 'இது சும்மாவே விழும்' என்ற பொல்லாத நம்பிக்கை எலக்ட்ரீசியன்களிடம் பரவியதற்கு இதுதான் காரணம். வீட்டுக்குப் பின்னாளில் இன்வெர்ட்டர் வைக்கும்போது, சில விளக்குகளுக்கும் மின்விசிறிகளுக்கும் தனியாகப் பேஸ் இழுத்துவிட்டு, நியூட்ரலைக் கைக்கு எட்டிய இடத்திலிருந்து எடுத்துவிடுகிறார்கள். அந்த விளக்குக்கான மின்சாரம் ஆர்சிசிபி வழியாகப் போய், ஆர்சிசிபிக்கு முன்னால் உள்ள நியூட்ரல் வழியாகத் திரும்புகிறது. அல்லது அதற்கு நேர்மாறாக நடக்கிறது. எங்கும் ஒரு துளி மின்சாரம்கூடக் கசியவில்லை. ஆனால் போனதும் வந்ததும் ஆர்சிசிபியின் கணக்கில் பொருந்தாததால் அது ட்ரிப் ஆகிவிடுகிறது. மாடியில் புதிதாகப் போர்ஷன் எடுத்து, இரண்டு ஆர்சிசிபிகளின் நியூட்ரலை ஒரே கட்டையில் முறுக்கிவிட்டாலும் இதேதான் நடக்கும். இதை அடையாளம் காண்பது எளிது. மழையோ வெயிலோ, எந்தச் சாதனமானாலும், அந்த லைனில் எதைப் போட்டாலும் உடனே ட்ரிப் ஆகும். இன்வெர்ட்டர் அல்லது கட்டட வேலை முடிந்த நாளிலிருந்துதான் இது தொடங்கியிருக்கும். அப்போதும் பரிகாரம் நியூட்ரலைப் பிரித்துச் சரியான இடத்தில் இணைப்பதுதான், ஆர்சிசிபியைக் கழற்றுவது அல்ல. தங்கள் வீட்டில் மழைக்கும் கீசருக்கும் மட்டும் ட்ரிப் ஆவதால் இது தங்களுக்குப் பொருந்தாது என்றே கருதுகிறேன்.

அடுத்து, தாங்கள் கேட்காவிட்டாலும் நான் எச்சரித்தாக வேண்டிய இரண்டு தந்திரங்கள். முதலாவது, ஆர்சிசிபியைக் கழற்றாமல் அப்படியே வைத்துவிட்டு, போர்டுக்குள் பேஸையும் நியூட்ரலையும் துண்டு வயர்களால் மேலிருந்து கீழே இணைத்துவிடுவது. வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் ஒழுங்காக இருப்பதுபோல் தெரியும்; வீட்டுக்காரரும் 'சரிசெய்துவிட்டார்' என்று கூலி கொடுத்து அனுப்புவார். சில ஆண்டுகளுக்கு முன் நான் பார்க்கப் போன ஒரு வீட்டில் இப்படிச் செய்யப்பட்டு நான்கு மழைக்காலங்கள் கடந்திருந்தன. அந்த வீட்டுப் பெண்மணி 'வாஷிங் மெஷினில் லேசாகச் சுர்ரென்று இருக்கும், பழகிவிட்டது' என்றார். பிள்ளைகளும் அதே மெஷினைத் தொட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். எலக்ட்ரீசியன் வந்து போன பிறகு, இன்வெர்ட்டரை அணைத்துவிட்டு, ஆர்சிசிபியின் நெம்பை உங்கள் கையால் இறக்கிப் பாருங்கள். வீட்டில் ஒரு விளக்காவது எரிந்தால் அது ஆர்சிசிபியைச் சுற்றிக்கொண்டு வருகிறது என்று பொருள். அதிலேயே உள்ள 'டெஸ்ட்' பொத்தானையும் மாதம் ஒரு முறை அழுத்துங்கள்; அழுத்தியதும் நெம்பு இறங்க வேண்டும்.

இரண்டாவது தந்திரம் கடையில் நடக்கிறது. 'இது ரொம்ப சென்சிட்டிவ், வேறு தருகிறேன்' என்று சொல்லி 100 அல்லது 300 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபியைக் கட்டிக் கொடுத்துவிடுவார்கள். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். அது அடிக்கடி ட்ரிப் ஆகாதுதான்; ஆள் அடிபடும்போதும் ஆகாது. 300 மில்லி ஆம்பியர் என்பது கசிவால் தீப்பிடிப்பதைத் தடுப்பதற்கானது. முகப்பில் 30 என்ற எண்ணும் ஐஎஸ்ஐ முத்திரையும் இல்லாததை, எலக்ட்ரீசியனுக்குக் கடைக்காரர் எவ்வளவு கமிஷன் கொடுத்தாலும், தாங்கள் வாங்க வேண்டாம்.

80,000 ரூபாய் வயரிங்கைப் பற்றி: 2006-இல் போட்ட பிவிசி காப்பர் வயர், எலி கடிக்காமலும் சூட்டில் உருகாமலும் இருந்தால், இத்தனை ஆண்டுகளில் மொத்தமாகக் கெட்டுவிடாது. கெட்டுவிட்டது என்று சொல்பவர் அதை அளந்து காட்ட வேண்டும். வயர் உறையின் மின்காப்பை அளப்பதற்கு மெக்கர் என்றொரு கருவி இருக்கிறது. சாதனங்களையெல்லாம் பிரித்துவிட்டு, 500 வோல்ட்டில் ஒவ்வொரு லைனையும் எர்த்துடன் வைத்துப் பார்த்தால், ஒரு மெகாஓமுக்குக் கீழே காட்டும் லைன் மட்டும் பழுது. அந்த ஒரு லைனை மாற்றினால் போதும். தங்களிடம் வருபவர் மெக்கர் வைத்திருக்கிறாரா என்று கேளுங்கள். டெஸ்டரும் கட்டிங் பிளேயரும் மட்டும் வைத்துக்கொண்டு வீடு முழுக்க வயரிங் போய்விட்டது என்று ஒருவர் சொன்னால், அவர் பரிசோதனை செய்யவில்லை, விலை சொல்கிறார்.

ஆளைத் தேடுவது எப்படி என்றும் கேட்பீர்கள். தமிழ்நாட்டில் மின் உரிமம் வழங்கும் வாரியம் இருக்கிறது, மின்கம்பியாள் தகுதிச் சான்றிதழ் இருக்கிறது, விதிகள் இருக்கின்றன. மின்வாரியமே ஆர்சிசிபியை உயிர்காக்கும் சாதனம் என்று விளம்பரம் செய்கிறது. ஆனால் புதிய இணைப்புக்கான வயரிங் அறிக்கையில், வீட்டு வாசலையே மிதிக்காத ஒருவர் கையெழுத்துப் போடுவதும், இணைப்புக் கொடுத்த பிறகு அந்த வீட்டுக்குள் என்ன நடக்கிறது என்று யாரும் எட்டிப் பார்க்காமல் இருப்பதும் எனக்குத் தெரிந்த நாளாக மாறவில்லை. ஒவ்வொரு மழைக்காலத்திலும் மின்சாரம் தாக்கி யாரோ இறந்த செய்தி வருகிறது, விசாரணை என்கிறார்கள், அடுத்த மழையும் வந்துவிடுகிறது. எனவே சான்றிதழ் எண்ணைத் தாங்களே கேட்டு வாங்கிக் குறித்துக்கொள்ளுங்கள். கூச்சப்பட வேண்டியதில்லை, உண்மையில் சான்றிதழ் உள்ளவர் காட்டுவதற்குத் தயங்க மாட்டார்.

மீட்டர் வரையிலான கோளாறுக்கு மட்டும்தான் மின்வாரியம் பொறுப்பு. அதற்கு மின்வாரியப் புகார் மையமான மின்னகத்தின் 94987 94987 எண் இருக்கிறது. மீட்டருக்கு இந்தப் பக்கம் உள்ளது தங்கள் பொறுப்பு. அடுத்த முறை எலக்ட்ரீசியன் வரும்போது, கேட் விளக்கையும் மோட்டார் ஜாயின்ட்டையும் திறந்து காட்டச் சொல்லுங்கள். கீசர் காயிலை வெளியே எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். இந்த மூன்றும் முடியும் வரை ஆர்சிசிபியில் கை வைக்க விட வேண்டாம்.