ஒட்டிக்கொள்ளும் கால்கள்: மூளையில் நீர் தேங்கினால்?

பெங்களூரில் நரம்பியல் பார்க்கிறேன். நம் ஊர்க்காரர்கள் கேட்டவற்றுக்குப் பதில்கள்.

கே (அல்சூர்): அப்பாவுக்கு 72 வயசு. காலைத் தேய்ச்சுத் தேய்ச்சு நடக்கிறார். ஆறு மாசமா பார்க்கின்சன் மாத்திரை, ஒரு பலனும் இல்ல டாக்டர்.

ப: அவர் கையைப் பாருங்கள். காபி டம்ளரைச் சிந்தாமல் பிடிக்கிறாரா? சட்டைப் பொத்தானைத் தானே போடுகிறாரா? கை சரியாக இருந்து, கால் மட்டும் தரையில் காந்தம் போல ஒட்டி, அகட்டி வைத்து, திரும்புவதற்கே ஏழெட்டு அடி எடுத்தால் என்.பி.எச். சந்தேகம் வரவேண்டும். மூளையின் நீர் அறைகளில் நீர் தேங்கி, நடை, சிறுநீர்க் கட்டுப்பாடு, ஞாபகம் மூன்றையும் கெடுக்கும் நோய் அது. அவர் எழுந்து நடந்து திரும்புவதை மொபைலில் வீடியோ எடுத்து வாருங்கள். எனக்கு அது பாதி ரிப்போர்ட். மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம்.

கே (ஸ்ரீராமபுரம்): வயசானா மூளை சுருங்கும், ஸ்கேன்ல நீர் அறை பெருசா தெரியுறது சகஜம்னு சொல்லிட்டாங்களே?

ப: பாதி சரி. அறையின் அகலம் மண்டையின் உள் அகலத்தில் 0.3-ஐத் தாண்டினால் வீக்கம் என்போம். ஆனால் சுருங்கிய மூளையிலும் அது தாண்டும். உச்சியில் மடிப்புகள் நெருங்கி, பக்கவாட்டுப் பிளவு மட்டும் விரிந்திருந்தால்தான் எனக்குச் சந்தேகம் வலுக்கும். 1965-இல் ஹக்கீம், ஆடம்ஸ் என்ற மருத்துவர்கள் இந்த நோயை விவரித்தபோது எம்.ஆர்.ஐ. ஏது? நடை போன்ற அறிகுறிகளைத்தான் முக்கியமாகப் பார்த்தார்கள்.

கே (இந்திராநகர்): மாமியாருக்கு பாத்ரூம் போறதுக்குள்ள நனைஞ்சிடுது. இதுவும் அதுதானா?

ப: நடையும் தடுமாறினால் இருக்கலாம். சர்க்கரை, சிறுநீர்த் தொற்று முதலில் பார்த்துவிடுங்கள்.

கே (ஜெயநகர்): முதுகுல நீர் எடுத்துப் பார்க்கணுமாம். பயமா இருக்கு.

ப: மூளையைச் சுற்றியுள்ள அதே நீர்தான் அது. 30 முதல் 50 மி.லி. எடுப்போம். உடம்பு ஒரு நாளில் சுமார் 500 மி.லி. ஊற வைக்கிறது, அதனால் பயம் வேண்டாம். முன்னும் பின்னும் வராந்தாவில் நடக்கவைத்து அடிகளையும் நொடிகளையும் எண்ணுவோம். நடை தேறினால் ஷன்ட் (தேங்கிய நீரை வடிக்க உள்ளே வைக்கும் குழாய்) உதவ வாய்ப்பு அதிகம். தேறாவிட்டாலும் கதவு மூடவில்லை. சிலருக்கு இரண்டு மூன்று நாள் குழாய் வைத்து வடித்துப் பார்ப்போம்.

கே (அதே அன்பர்): ஷன்ட் வச்சா அம்மாவுக்கு ஞாபகம் திரும்புமா?

ப: அந்த நம்பிக்கையோடு ஆபரேஷனுக்குப் போகாதீர்கள். முதலில் தேறுவது நடை. ஞாபகம் கடைசி, அதுவும் எல்லோருக்கும் இல்லை. நீர் அதிகம் வடிந்தால் மண்டைக்குள் ரத்தம் கசியலாம். புதுத் தலைவலி, அசாதாரணத் தூக்கம் என்றால் உடனே வாருங்கள். நீர் வடியும் அளவைக் கட்டுப்படுத்தும் ஷன்ட் வால்வுகள் பலவற்றை வெளியிலிருந்தே காந்தத்தால் கூட்டிக் குறைக்கலாம். அதனால் எம்.ஆர்.ஐ. எடுக்குமுன் வால்வு கார்டைக் காட்டுங்கள்; எடுத்தபின் அளவு மாறியிருக்கிறதா என்று சரிபார்க்கச் சொல்லுங்கள்.