பள்ளிக்கூடக் கட்டடத்துக்கு ஓட்டு: பிள்ளை இல்லாதவர் எதற்கு 'ஆம்' போட வேண்டும்?

கேள்வி: கலிஃபோர்னியாவில் இருக்கிறோம். கட்டடங்களைச் சீரமைக்கக் கடன் பத்திரம் வெளியிட அனுமதி கேட்டு எங்கள் ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட் ஓட்டுச்சீட்டில் ஒரு மெஷர் (மக்கள் ஓட்டுக்கு விடும் முன்மொழிவு) வைத்திருக்கிறது. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. நாங்கள் எதற்கு 'ஆம்' போட வேண்டும்?

இந்தக் கேள்வியைப் படித்துவிட்டு இரண்டு நாள் பேசாமல் இருந்து பார்த்தேன். முடியவில்லை. ஏனென்றால் இதே மாதிரி ஒரு மெஷருக்கு 'இல்லை' போட்டவள் நான். அப்போது என் மகள் அதே டிஸ்ட்ரிக்டில் நான்காம் வகுப்பு.

நீங்கள் வீடு வாங்கி ரொம்ப வருடம் ஆகியிருக்காது, குடியுரிமையும் சமீபத்தில்தான் வந்திருக்கும் என்று வைத்துக்கொள்கிறேன். பழைய ஆட்கள் இந்தக் கேள்வியைக் கேட்க மாட்டார்கள். ஆமோ இல்லையோ போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். தப்பாக ஊகித்திருந்தால் மன்னிக்கவும்.

முதலில் அடிப்படையை ஒரு தடவை சொல்லிவிடுகிறேன். பள்ளியின் அன்றாடச் செலவு வேறு, கட்டடச் செலவு வேறு. ஆசிரியர் சம்பளத்துக்கு இந்தப் பத்திரப் பணத்திலிருந்து ஒரு டாலர்கூட எடுக்க முடியாது. கூரை, குழாய், ஹீட்டர், கழிப்பறை, புது வகுப்பறை, இதற்குத்தான். டிஸ்ட்ரிக்ட் பத்திரம் விற்றுக் கடன் வாங்கும், அந்தக் கடனை வட்டியோடு உங்கள் சொத்து வரி பில்லில் தனி வரியாகப் போட்டு வருடா வருடம் வசூலிப்பார்கள். மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு வேண்டும் என்பது பழைய விதி. 2000 நவம்பரில் ப்ராப் 39, அதாவது மாநிலம் முழுக்க ஓட்டுக்கு விட்ட 39ஆம் எண் முன்மொழிவு, ஜெயித்த பிறகு சில நிபந்தனைகளோடு 55 சதவீதம் போதும் என்றானது. வீட்டின் வரிக்கான மதிப்பில் லட்சம் டாலருக்கு வருடத்துக்கு 60 டாலருக்கு மேல் ஆகாது என்று கணக்குக் காட்ட வேண்டும் என்பது அந்த நிபந்தனைகளில் ஒன்று. இந்த 60 எல்லா வகுப்புகளும் ஒன்றாக இருக்கிற யூனிஃபைடு டிஸ்ட்ரிக்டுக்கு. தொடக்கப்பள்ளி மட்டும், உயர்நிலைப்பள்ளி மட்டும் என்று பிரிந்திருந்தால் 30.

நான் வக்கீல் இல்லை. கணக்குப் பார்க்கிற வேலை. சட்டத்தில் ஏதாவது பிசகியிருந்தால் பின்னூட்டத்தில் திருத்துங்கள், திட்டாதீர்கள்.

இனி என் கதை. 2013ல் வீடு வாங்கினோம். அப்போது கிரீன் கார்டு. வரி கட்டலாம், ஓட்டுப் போட முடியாது. முதல் வரி பில் வந்ததும் சமையலறை மேடையில் விரித்து வைத்துப் பார்த்தேன். அடிப்படைச் சொத்து வரி 1 சதவீதம், அந்த வரிக்குக் கீழே என்னென்னமோ வரிகள். எந்தெந்த வருடத்திலோ யார் யாரோ ஓட்டுப் போட்டு வாங்கிய பள்ளிக் கடன்கள், நான் இந்த நாட்டுக்கு வருவதற்கு முன்பே வாங்கியவை உட்பட. எரிச்சல்தான் வந்தது.

2018ல் நான் ஓட்டுப் போட்ட முதல் தேர்தலிலேயே எங்கள் டிஸ்ட்ரிக்ட் மறுபடி ஒரு மெஷர் கொண்டுவந்தது. போவே என்ற ஊரின் கதையைப் படித்திருந்தேன். சான் டியேகோ பக்கம் இருக்கிறது. அங்கே 2011ல் 10 கோடியே 50 லட்சம் டாலர் கடன் வாங்கினார்கள். முதல் 20 வருடம் ஒன்றும் கட்ட வேண்டாம், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று ஏற்பாடு. திருப்பிக் கட்ட வேண்டிய தொகை 98 கோடி. நம் ஊரில் கந்துவட்டிக்காரர்கூட இந்தக் கணக்கைப் பார்த்தால் கொஞ்சம் கூச்சப்படுவார். இந்த மாதிரிக் கடன்களுக்கு 2013லேயே கடிவாளம் போட்டுவிட்டார்கள்: அசலைப் போல நான்கு மடங்குக்கு மேல் திருப்பிக் கட்டக்கூடாது, 25 வருடத்துக்கு மேல் இழுக்கக்கூடாது. எனக்கு அந்தப் பாதி தெரியாது. முதல் பாதியை மட்டும் தெரிந்துகொண்டு, பெரிய விவரம் தெரிந்தவள் மாதிரி 'இல்லை' போட்டேன். இரண்டு பேரிடம் பெருமையாகவும் சொன்னேன்.

54 சதவீதத்துக்கு மேல் வாங்கியும் மெஷர் தோற்றது.

அடுத்த பிப்ரவரியில் மழை. 2019ல் இங்கே இருந்தவர்களுக்கு அந்த மழை நினைவிருக்கும். என் மகளின் வகுப்பு ஒரு போர்ட்டபிளில் நடந்தது. தெரியாதவர்களுக்கு: தூக்கிக்கொண்டுவந்து வைக்கிற பெட்டி மாதிரி வகுப்பறை. தற்காலிகம் என்று சொல்லி இறக்குவார்கள், அதற்கப்புறம் அதை எடுத்துப்போக யாரும் வர மாட்டார்கள். ஒரு நாள் கூட்டிவரப் போனபோது கதவு திறந்திருந்தது. உள்ளே ஈரக் கம்பளத்தின் வாடை, நனைந்த நாய் மாதிரி. புத்தக அலமாரியைச் சுவரிலிருந்து இழுத்து அறை நடுவே நிறுத்தியிருந்தார்கள். அது இருந்த இடத்தில் ஒரு நீல வாளி. ஆசிரியை தரையில் உட்கார்ந்து, வீட்டிலிருந்து கொண்டுவந்த ஹேர் டிரையரால் ஒவ்வொரு புத்தகமாகப் பக்கம் பக்கமாகக் காயவைத்துக்கொண்டிருந்தார். என் மகள் பக்கத்தில் உட்கார்ந்து, காய்ந்ததை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"போன நவம்பரில் மெஷர் ஜெயித்திருந்தால் இது சரியாகியிருக்குமா?" என்று கேட்டேன். ஏன் கேட்டேன் என்று தெரியவில்லை, குற்ற உணர்ச்சிதான். அவர் டிரையரை அணைத்துவிட்டு, "அதைப் பற்றி இங்கே வைத்து நான் பேசக்கூடாது" என்றார். உண்மைதான். பள்ளியின் நேரத்தையும் காசையும் வைத்து ஓட்டுக் கேட்கக்கூடாது. டிஸ்ட்ரிக்டிலிருந்து வரும் தபாலைக் கவனியுங்கள், 'ஆம் போடுங்கள்' என்று எங்கேயும் இருக்காது, 'தகவலுக்காக' என்ற பாவனையில் இருக்கும். ஓட்டுக் கேட்டு வாசலுக்கு வருகிறவர்கள் பெற்றோர்கள் சேர்த்த தனிக் குழு. சரி, ஒரு மழையில் ஒரு கூரை ஒழுகியதற்காகக் கொள்கையையே மாற்றிக்கொண்டாயா என்று யாராவது கேட்பீர்கள். ஆமாம், மாற்றிக்கொண்டேன்.

2020 நவம்பரில் மறுபடி கொண்டுவந்தார்கள். இந்த முறை நானும் அந்தக் குழுவில் சேர்ந்து, முகக்கவசம் போட்டுக்கொண்டு எங்கள் தெருவில் வீடு வீடாகப் போனேன். பாதிப் பேர் குழப்பத்தில் இருந்தார்கள். காரணம், அந்த மார்ச்சில் பள்ளிக் கட்டடங்களுக்காக 1,500 கோடி டாலர் கேட்டு மாநிலமே ஒரு முன்மொழிவு வைத்திருந்தது, அதற்கு எண் 13 என்று விழுந்துவிட்டது. கலிஃபோர்னியாவில் 13 என்றாலே, சொத்து வரி ஏறுவதற்கு வரம்பு வைத்த 1978ன் ப்ராப் 13தான். எங்கள் சொத்து வரிச் சலுகையில் கைவைக்கப் பார்க்கிறார்கள் என்று கொஞ்சம் பேர் நம்பிவிட்டார்கள். அது தோற்றுப்போனது. நவம்பரிலும், "அது போன தடவையே வேண்டாம் என்று சொல்லிவிட்டோமே" என்று கதவைச் சாத்தினார்கள்.

உங்களுக்கு நான் சொல்ல வந்த விஷயமே அந்த 1978 ப்ராப் 13தான். எங்கள் தெருவில் ஒரு அண்ணா இருக்கிறார், தமிழர், 1996ல் வாங்கிய வீடு. என்னை வாசலில் நிறுத்தி, "ஏம்மா, என் பசங்க ரெண்டு பேரும் படிச்சு முடிச்சு வேலைக்குப் போயாச்சு. இனிமே நான் எதுக்குக் கட்டணும்?" என்றார். உங்கள் கேள்விதான், கொஞ்சம் வயதான வடிவத்தில்.

"அண்ணா, உங்க வரி பில்லை எடுத்துட்டு வாங்க, என்னோடதையும் வச்சுப் பார்ப்போம்" என்றேன். கராஜில் நின்றே பார்த்தோம். என் வீடும் அவர் வீடும் ஒரே பில்டர் கட்டியது. படிக்கட்டு எனக்கு இடப்பக்கம், அவருக்கு வலப்பக்கம், அவ்வளவுதான் வித்தியாசம். ப்ராப் 13படி வரிக்கான மதிப்பு வாங்கிய விலையில் தொடங்கும், வருடத்துக்கு 2 சதவீதத்துக்கு மேல் ஏறாது. அவர் இரண்டரை லட்சத்துக்கு வாங்கியது, 24 வருடம் ஏறியும் 4 லட்சத்தைத்தான் தொட்டிருந்தது. நான் 9 லட்சத்துக்கு வாங்கியது 10 லட்சத்தைத் தாண்டிவிட்டது. மெஷரில் கேட்டது லட்சத்துக்கு 50 டாலர். அவருக்கு வருடம் 200, எனக்கு 500க்கு மேல். விற்கப் போனால் இரண்டு வீடும் ஒரே விலைதான். அந்த விலையில் பள்ளியின் பெயருக்கு எவ்வளவு பங்கு என்று ரியல் எஸ்டேட் விளம்பரத்தைப் பார்த்தாலே தெரியும். வீட்டின் படத்துக்குக் கீழேயே பள்ளியின் மதிப்பெண்ணைப் போட்டிருப்பார்கள்.

அண்ணா பில்லை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "யோசிக்கிறேன்மா" என்றார். என்ன போட்டார் என்று இன்றுவரை நான் கேட்கவில்லை.

வயதானவர்கள் மேல் எனக்குக் கோபம் என்று நினைக்க வேண்டாம். வீட்டு விலை ஏறியதற்காக ஓய்வூதியக்காரர்களை வீட்டைவிட்டுத் துரத்த முடியாது, அந்தச் சட்டம் வந்ததற்கு நியாயம் இருந்தது. டெக்சாஸில் வேறு வழி வைத்திருக்கிறார்கள். டாலஸில் என் தம்பி இருக்கிறான். அங்கே 65 வயதானால் சொந்தமாகக் குடியிருக்கும் வீட்டுக்குப் பள்ளி வரி அந்த அளவிலேயே நின்றுவிடும். ஆனால் பாதிக்கு மேல் ஓட்டு விழுந்தாலே மெஷர் ஜெயித்துவிடும், 55 எல்லாம் வேண்டாம். அதற்குப் பதிலாக 2019லிருந்து ஓட்டுச்சீட்டிலேயே 'இது சொத்து வரி உயர்வு' என்று பெரிய எழுத்தில் போட்டாக வேண்டும். நேர்மையான ஏற்பாடு. எனக்குப் பிடித்திருக்கிறது.

எங்கள் கதைக்குத் திரும்புகிறேன். 2020ல் எங்கள் மெஷர் ஜெயித்தது. 55 சதவீத வழியில் ஜெயித்தால் மக்கள் மேற்பார்வைக் குழு அமைக்க வேண்டும் என்பது சட்டம். குறைந்தது ஏழு பேர்: வணிகர் அமைப்பு, மூத்த குடிமக்கள் அமைப்பு, வரி செலுத்துவோர் அமைப்பு இவற்றிலிருந்து ஆளுக்கொருவர், பெற்றோர் ஒருவர், பெற்றோர்-ஆசிரியர் சங்கத்தில் இருக்கும் பெற்றோர் ஒருவர், இப்படி. டிஸ்ட்ரிக்ட் ஊழியரோ ஒப்பந்ததாரரோ உள்ளே வர முடியாது. சம்பளம் கிடையாது. நான் விண்ணப்பித்தேன், எடுத்துக்கொண்டார்கள். விண்ணப்பித்த பெற்றோர் நான் ஒருத்திதான் என்பது பிறகு தெரிந்தது.

குழுவில் உட்கார்ந்த பிறகுதான் சில விஷயம் புரிந்தது. ஒரு கழிப்பறையைப் புதுப்பிக்க இவ்வளவா என்று முதல் கூட்டத்திலேயே குதித்தேன். அதற்குப் பின்னால் ஒரு பழைய கதை இருக்கிறது. 1933 மார்ச் 10 லாங் பீச் நிலநடுக்கத்தில் பள்ளிக் கட்டடங்கள் வரிசையாக இடிந்து விழுந்தன. மாலை நேரம், பிள்ளைகள் வீட்டுக்குப் போய்விட்டிருந்தார்கள். மூன்று மணி நேரம் முன்னால் நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஒரு மாதத்துக்குள் ஃபீல்டு சட்டம் வந்துவிட்டது. அன்றிலிருந்து இங்கே அரசுப் பள்ளிக் கட்டட வரைபடத்தை மாநிலமே சரிபார்க்கும், வேலை நடக்கும் இடத்தில் ஆய்வாளர் நிற்பார். செலவு ஏறுவதற்கு அது ஒரு காரணம். கும்பகோணத்தில் 2004ல் கூரைக் கொட்டகை எரிந்து 94 பிள்ளைகள் போனதைச் செய்தியில் பார்த்தவள் நான். அதற்கப்புறம் அந்தச் செலவைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை.

குறையும் உண்டு, மறைக்க மாட்டேன். செலவான பிறகுதான் கணக்கு எங்களிடம் வரும். வேண்டாம் என்று தடுக்கிற அதிகாரம் கிடையாது. தணிக்கை அறிக்கையைப் பார்க்கலாம், கேள்வி கேட்கலாம், மக்களுக்கு அறிக்கை கொடுக்கலாம். பிரசுரத்தில் பளபளவென்று அறிவியல் ஆய்வுக்கூடத்தைப் போட்டிருந்தார்கள். முதல் வருடப் பணம் பெரும்பாலும் மண்ணுக்கடியில் துருப்பிடித்த கழிவுநீர்க் குழாய்க்குப் போனது. யாரும் ரிப்பன் வெட்ட வரவில்லை. நான் படித்த பள்ளியில் மின்விசிறியின் மூன்று இறக்கையிலும் உபயதாரர் பெயர் எழுதியிருக்கும், சுற்றும்போது மட்டும்தான் மறையும். இங்கே என் பங்கு குழாயாகப் புதைந்துவிட்டது, வருடம் ஒரு முறை பில்லில் மட்டும் தலைகாட்டும்.

சம்பந்தமில்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், ரொம்ப நாளாக மனதில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை நாங்கள் நடத்தும் தமிழ் வகுப்புக்கு இதே டிஸ்ட்ரிக்டின் ஒரு பள்ளியில்தான் அறை வாடகைக்கு எடுக்கிறோம். துப்புரவாளரின் நேரத்துக்கும் சேர்த்துக் காசு. ஆனாலும் திங்கட்கிழமை ஆனால் மின்னஞ்சல்: வெள்ளைப் பலகையில் ஏதோ 'வட்டமான எழுத்து' அழியாமல் இருக்கிறது, பென்சில் டப்பாவில் இரண்டு பென்சில் குறைகிறது. ஐந்து வயதுக் குழந்தை எழுதிய 'ஐ' அது. போன வருடம் அந்தக் கட்டடம் புதுப்பித்து முடிந்தது, எங்கள் வரியில்தான். முடிந்த கையோடு எங்களுக்கு வாடகையையும் ஏற்றினார்கள். குழுக் கூட்டத்தில் கேட்டேன், அது எங்கள் வரம்பில் வராதாம்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். வாக்காளர் கையேட்டில் வரி விகித அறிக்கை என்று ஒரு பக்கம் இருக்கும், டிஸ்ட்ரிக்டின் பிரசுரத்தை விட்டுவிட்டு அதைப் படியுங்கள். லட்சத்துக்கு எவ்வளவு, எத்தனை வருடம், வட்டியோடு மொத்தம் எவ்வளவு என்று இருக்கும். மொத்தம் அசலைப் போல இரண்டு மடங்குக்குள் என்றால் நான் கண்ணை மூடிக்கொண்டு 'ஆம்' போடுவேன். அதற்கு மேல் என்றால் டிஸ்ட்ரிக்ட் கூட்டத்துக்குப் போய் ஏன் என்று கேட்பேன். இது என் கணக்கு, விதி எதுவும் இல்லை. வரிக்கான மதிப்பை உங்கள் பில்லில் பாருங்கள், இணையத்தில் காட்டுகிற விற்பனை விலையில் பெருக்கிப் பயந்துவிடாதீர்கள்.

எதைப் போட்டாலும், தபால் ஓட்டு உறையின் மேல் கையெழுத்துப் போட மறக்காதீர்கள். என் கணவர் 2020ல் மறந்துவிட்டு, கவுன்ட்டியிலிருந்து கடிதம் வந்த பிறகு போய்ப் போட்டுவிட்டு வந்தார்.