கூடைப்பந்து வர்ணனையில் ஸ்கோர் சொல்ல மறப்பது பற்றி

கல்லூரி வானொலியில் நாலு ஆட்டம் பேசிவிட்டீர்கள், கேட்பவர்கள் 'ஸ்கோர் என்னன்னே தெரியல' என்கிறார்கள், இதை நம்பிப் படிப்பை விடலாமா என்றும் கேட்கிறீர்கள். முதல் பிரச்சினைக்குப் பழைய மருந்து ஒன்று இருக்கிறது. ரெட் பார்பர், பிற்பாடு புரூக்ளின் டாட்ஜர்ஸ் பேஸ்பால் அணியின் குரலாக இருந்தவர், முட்டை வேகவைக்க வைத்திருக்கும் மூன்று நிமிட மணற்கடிகாரத்தை மைக் பக்கத்திலேயே வைத்திருப்பார். மணல் இறங்கியதும் ஸ்கோரைச் சொல்லிவிட்டுத் திருப்பி வைப்பார். கூடைப்பந்துக்கு மூன்று நிமிடம் அதிகம், ஒவ்வொரு கூடைக்கும் சொல்லுங்கள், பந்து எந்தப் பக்கம் போகிறது என்பதையும் சேர்த்து. வானொலியில் கண் நீங்கள்தான்.

பார்பரும் 1930இல் அமெரிக்காவின் ஃபுளோரிடா பல்கலைக்கழக வானொலியில்தான் தொடங்கினார், முதலில் வாசித்தது மாட்டுப் பிரசவம் பற்றிய கட்டுரை!

படிப்பை விடாதீர்கள். பெரிய அணிகளின் வர்ணனையாளர் நாற்காலி சீக்கிரம் காலியாகாது, வுடி டர்ஹம் வட கரோலினா பல்கலைக்கழக அணிகளின் வர்ணனையாளராக 1971 முதல் 2011 வரை இருந்தார். சின்னக் கல்லூரிகளில் பெரும்பாலும் ஆட்டத்துக்கு இவ்வளவு என்றுதான் காசு, கூடவே விளம்பரம் பிடிக்கிற வேலையும் வரும். இப்போதைக்கு எல்லா ஆட்டத்தையும் பதிவு செய்யுங்கள், பெண்கள் சாஃப்ட்பால் உட்பட. அப்புறம் வேலை கேட்கும்போது நல்ல ஐந்து நிமிடத்தை வெட்டி அனுப்பலாம்.