கூரையில் பிடிக்கும் பாசி: கேள்வி பதில்

ஓட்டுக் கூரை, சிமென்ட் தளம், ஷீட் கூரை என வெவ்வேறு கூரைகளைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். ஒரே விஷயத்தைத் தொட்ட கேள்விகளைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: ஓட்டின் மேல் மெத்தை போலப் பச்சையாக வளர்வதும், தளத்தில் கறுப்பாகப் படிந்து வழுக்குவதும் ஒன்றுதானா?

பதில்: இரண்டையும் பாசி என்ற ஒரே சொல்லால் குறிப்பதால்தான் இந்தக் குழப்பம். தளத்தில் கறுப்பாகப் படிவது பெரும்பாலும் நீலப்பசும்பாசி. வெயிலின் புற ஊதாக் கதிரிலிருந்து தன்னைக் காத்துக்கொள்ள அது கருநிறமான உறையைப் போர்த்திக்கொள்கிறது. ஆகவே வெயில் நன்றாக விழும் இடத்திலும் அதனால் பிழைத்திருக்க முடியும். மெத்தை போல வளர்வது மாஸ் என்னும் சிறு தாவரம். அதற்கு உண்மையான வேர் கிடையாது. நுண்ணிய இழைகளால் ஓட்டைப் பற்றிக்கொண்டு, இலைப்பரப்பு வழியாகவே நீரை உறிஞ்சுகிறது. கோடையில் பழுப்பாகக் கருகிக் கிடப்பதைப் பார்த்துச் செத்துவிட்டது என்று எண்ணினால், முதல் மழை பெய்த சற்று நேரத்தில் பச்சைப்பசேல் என்று விரிந்து நிற்கும். சாம்பல் அல்லது மஞ்சள் நிறத்தில் வட்ட வட்டமாக ஒட்டியிருப்பது மூன்றாவது வகை. பூஞ்சையும் பாசியும் கூடி வாழும் அதைக் கற்பாசி என்பார்கள். அதைச் சுரண்டினால் ஓட்டின் மேற்பரப்பும் சேர்ந்து பெயரும். மருந்து தெளித்துவிட்டு, சில மாதங்களில் தானாக உதிரும்வரை பொறுத்திருப்பதே நல்லது.

கேள்வி: ஆண்டுதோறும் ஆள் வைத்துத் தேய்த்துக் கழுவுகிறோம். ஆனாலும் அடுத்த மழைக்காலத்தில் அதே இடத்தில் முளைத்துவிடுகிறது. எங்கே தவறு?

பதில்: பாசியின் வித்துகள் காற்றிலேயே வருகின்றன, அவற்றைத் தடுக்க யாராலும் முடியாது. நம் கையில் இருப்பது, மழை நின்றபின் கூரை எத்தனை மணி நேரம் ஈரமாகவே இருக்கிறது என்பது ஒன்றுதான். நீங்களே "அதே இடத்தில்" என்று எழுதியிருக்கிறீர்கள். விடை அந்தச் சொல்லிலேயே இருக்கிறது. நான் பார்த்த ஒரு தளம் முழுவதும் சுத்தமாக இருக்க, தண்ணீர்த் தொட்டியின் அடியிலிருந்து மட்டும் விசிறி விரித்தாற்போலப் பச்சை படர்ந்திருந்தது. தொட்டியின் மிதவை வால்வு சரியாக மூடாததால், நிரம்பிய நீர் இரவெல்லாம் சொட்டிக்கொண்டிருந்ததே காரணம். வால்வை மாற்றியதும், எந்த மருந்தும் இல்லாமலேயே அந்த விசிறி காய்ந்து உதிர்ந்தது.

உங்கள் தளத்திலும், நல்ல மழை நின்று சில மணி நேரம் கழித்து மேலே சென்று, நீர் தேங்கி நிற்கும் இடங்களைச் சுற்றிச் சுண்ணக்கட்டியால் கோடு போடுங்கள். அடுத்த பாசி அந்தக் கோடுகளுக்குள்ளேதான் தொடங்கும். தளத்தின் வாட்டம் 3 மீட்டர் நீளத்துக்கு 3 முதல் 4 சென்டிமீட்டர் வரையாவது இருக்க வேண்டும். குறைவாக இருக்கும் பகுதியில் மட்டும் பூச்சைக் கொத்தி எடுத்து, வாட்டம் பார்த்துப் பூசினால் போதும். ஓட்டுக் கூரையில், மேலே கவிந்த கிளைகளை வெட்டுவதும், ஓடுகளின் இடுக்கில் மக்கும் சருகை அள்ளுவதும் மருந்தைவிட அதிகம் பயன் தரும்.

கேள்வி: பிரஷர் வாஷர் கொண்டு கழுவலாமா?

பதில்: ஓட்டுக் கூரைக்கு வேண்டாம். நீரின் வேகம் ஓட்டின் மேற்பரப்பை அரித்துச் சொரசொரப்பாக்கும். சொரசொரப்பான இடத்தில் பாசி இன்னும் எளிதாகப் பிடிக்கும். ஓடுகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறியிருக்கும் இடத்தில் நீர் கீழிருந்து மேலாகப் புகுந்து மரச்சட்டங்களை நனைத்துவிடும். விறைப்பான நார்த்தூரிகையால் மேலிருந்து கீழாகத் தேயுங்கள்.

கேள்வி: பிளீச்சிங் கரைசல் தெளிப்பது சரியா?

பதில்: கறுப்புப் படிவுக்கு அது நன்றாகவே வேலை செய்யும். சோடியம் ஹைப்போகுளோரைட் சுமார் 5 சதவீதம் உள்ள கரைசல் ஒரு பங்குக்கு மூன்று பங்கு நீர் கலந்து, வெயில் ஏறாத நேரத்தில் தெளித்து, 15 முதல் 20 நிமிடங்கள் ஊறவிட்டுக் கழுவுங்கள். மெத்தைப் பாசியை முதலில் வழித்தெடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் மருந்து மேலாக நனைப்பதோடு நின்றுவிடும். மழைநீர்த் தொட்டிக்குச் செல்லும் குழாயை முன்கூட்டியே துண்டியுங்கள். கீழே உள்ள செடிகளுக்கு முன்னும் பின்னும் தாராளமாக நீர் ஊற்றுங்கள். இது உலோகத்தை அரிக்கும் என்பதால் தகரக் கூரைக்கு ஆகாது. கழிவறை கழுவும் அமிலத்தையோ அம்மோனியா கலந்த எதையுமோ இதனுடன் சேர்க்கவே கூடாது; மூச்சை அடைக்கும் நச்சு வாயு கிளம்பும்.

கேள்வி: முகட்டில் துத்தநாகத் தகடு பதித்தால் பாசியே வராது என்கிறார்களே?

பதில்: ஓரளவுக்கு உண்மை. துத்தநாகம் பூசிய தகரம் அல்லது கம்பி பொருந்திய கூரைகளைக் கவனித்தால், அதற்கு நேர் கீழே மட்டும் ஒரு பட்டை சுத்தமாக இருப்பது தெரியும். மழைநீரில் மிக நுண்ணிய அளவில் கரையும் உலோக அயனிகள் பாசிக்கு நஞ்சாகின்றன. தாமிரத் தகட்டுக்கு வீரியம் இன்னும் அதிகம். ஆனால் பலன் தகட்டுக்குக் கீழே சுமார் 4 அல்லது 5 மீட்டர் தூரத்துக்குள் தேய்ந்துவிடும். நீண்ட கூரைக்கு நடுவில் இன்னொரு வரிசை வேண்டும். ஏற்கெனவே வளர்ந்துள்ள பாசியை இது அகற்றாது. தாமிரத்தைத் தொட்டு வரும் நீர், கீழே உள்ள துத்தநாகம் பூசிய தகரத்தையும் அலுமினியத்தையும் அரிக்கும். அந்த நீர் மீன் வளர்க்கும் குளத்துக்குப் போகும் வீடுகளுக்கு இரண்டு உலோகங்களையுமே நான் பரிந்துரைக்க மாட்டேன்.

கேள்வி: பழைய ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டில் உள்ள பாசியைத் தேய்க்கலாமா?

பதில்: தேய்க்கவும் வேண்டாம், மேலே ஏறவும் வேண்டாம். நார்த்துகள் காற்றில் கலந்தால் நுரையீரலுக்குக் கேடு; ஷீட்டும் ஆளின் எடை தாங்காமல் உடையக்கூடும்.

கேள்வி: தளத்துக்குச் சுண்ணாம்பு அடிப்பதா, பெயின்ட் அடிப்பதா?

பதில்: புதிதாக அடித்த சுண்ணாம்பின் காரத்தன்மையில் பாசி வளராது. காற்றிலுள்ள கரியமில வாயுவை ஏற்று அது நாளடைவில் சாதுவாகிவிடுவதால், ஆண்டுக்கு ஒருமுறை திரும்ப அடிக்க வேண்டியிருக்கும். பெயின்ட் கூடுதல் காலம் நிற்கும். ஆனால் உள்ளே ஈரமுள்ள தளத்தில் அடித்தால் கொப்புளித்து உரிந்துவிடும், உரிந்த செதிலுக்கு அடியில் பாசி நிம்மதியாகக் குடியேறும். ஆகவே பெயின்ட் டப்பாவைத் திறப்பதற்கு முன்பு, ஒரு முழச் சதுரத்தில் பாலித்தீன் தாளைத் தளத்தில் விரித்து, நான்கு ஓரங்களையும் டேப்பால் இடைவெளியின்றி ஒட்டி, மறுநாள் காலையில் பிரித்துப் பாருங்கள். தாளின் அடிப்பக்கம் வியர்த்திருந்தால், இன்னும் சில நாள் வெயில் காய வேண்டும்.