கன்சென்ட் ஆர்டரில் உடனே கையெழுத்துப் போடாதீர்கள்

வணக்கம். மருந்து கொடுத்ததைப் பதிவு செய்யாமல் விட்டதற்காக நர்ஸான உங்களுக்கு அமெரிக்க மாநில நர்சிங் போர்டு (லைசென்ஸ் தரும் அமைப்பு) கன்சென்ட் ஆர்டர், அதாவது இரு தரப்பும் சம்மதித்து வழக்கை முடிக்கும் உத்தரவு, அனுப்பியிருக்கிறது, "வெறும் ரெப்ரிமாண்ட் (முறையான கண்டிப்பு)தானே, கையெழுத்துப் போட்டுவிடலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

கொஞ்சம் பொறுங்கள். லைசென்ஸ் ரத்து, சஸ்பென்ஷன், புரொபேஷன் (நிபந்தனைகளோடு கண்காணிப்பில் வேலை செய்வது) இவற்றைப் பார்க்க ரெப்ரிமாண்ட் லேசானதுதான், வேலையும் செய்யலாம். ஆனால் ஃபைலுக்குள் முடங்கிவிடாது. பகிரங்க நடவடிக்கை என்றால் நர்ஸ்களின் லைசென்ஸ் விவரம் காட்டும் நர்சிஸ் (Nursys) இணையதளத்தில் உங்கள் பெயரைத் தேடும் யாருக்கும் தெரியும். அப்புறம், வேலைக்கோ வேறு மாநில லைசென்ஸுக்கோ விண்ணப்பித்தால் "ஒழுங்கு நடவடிக்கை உண்டா?" என்று கேட்பார்கள். அங்கே மறைத்தால் அதுவே தனிக் குற்றம்.

ஆர்டரில் நடந்ததை விவரிக்கும் பகுதியை வரிவரியாகப் படியுங்கள். "பதிவு செய்யத் தவறினார்" என்பதற்கும் "மருந்துக்குக் கணக்கில்லை" (மருந்து எங்கே போனதென்றே தெரியவில்லை) என்பதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். நாளைக்கு வேலை தருபவர் படிக்கப்போவது அந்த வரியைத்தான். வாசகத்தை மாற்றச் சொல்லிக் கேட்கலாம்.

மேனேஜர் "ஒண்ணும் ஆகாது" என்பார்; ஆனால் அவர் ஆஸ்பத்திரியின் பக்கம் நிற்பவர், உங்கள் லைசென்ஸுக்காகப் பேசுபவர் அல்ல. லைசென்ஸ் வழக்குகள் பார்க்கும் வக்கீலிடம் காட்டுங்கள். உங்கள் மால்பிராக்டிஸ் இன்ஷூரன்ஸில் (தொழில் தவறுகளுக்கான காப்பீடு) அந்தச் செலவுக்கு இடமிருக்கலாம், பாலிசியைப் புரட்டிப் பாருங்கள். பதில் தர வேண்டிய தேதி தாண்டும்போல் இருந்தால், அதற்கு முன்பே எழுத்தில் அவகாசம் கேளுங்கள்.