சண்டைக்கு நடுவுல ஓட்டுப்பெட்டி

கேள்வி: போர் நடக்கும்போது தேர்தலைத் தள்ளி வைக்கிறதுதானே சார் வழக்கம், நடுச்சண்டையில அதிபர் தேர்தல் நடத்துன நாடு ஏதாவது இருக்கா? (கல்லூரி மாணவி, தேனி)

பதில்: இருக்கும்மா, 1864 அமெரிக்கா. அடிமைமுறையை விட மாட்டோம்னு பிரிஞ்சு போன தென் மாநிலங்களோட மூணு வருஷத்துக்கு மேல சண்டை, லிங்கன்தான் அதிபர். அந்த வருஷம் மே, ஜூன்ல லிங்கனோட தளபதி கிராண்ட் படையில செத்தவங்க, காயம்பட்டவங்க, காணாமப் போனவங்கன்னு 50,000 பேருக்கு மேல, ஜூலையில எதிரிப்படை வாஷிங்டன் வாசல் வரைக்கும் வந்துட்டுப் போச்சு, அதே மாசம் இன்னும் 5 லட்சம் ஆள் வேணும்னு லிங்கன் கேக்குறார். எந்த வீட்டுல ஓட்டுப் போடுற மனநிலை இருந்திருக்கும் சொல்லுங்க. தள்ளி வைக்க இதைவிட நல்ல காரணம் கிடைக்காது, ஆனா அவர் வைக்கல.

இத்தனைக்கும் தோத்துடுவோம்னே நெனச்சார்! ஆகஸ்ட் 23 அன்னைக்கு ஒரு தாளை மடிச்சுக் கொடுத்து, உள்ள என்ன இருக்குன்னு காட்டாமலே அமைச்சர்கள்கிட்ட கையெழுத்து வாங்குறார். நான் ஜெயிக்கறது கஷ்டம், தோத்துட்டா புதுசா ஜெயிச்சவரோட சேர்ந்து அவர் பதவி ஏத்துக்கறதுக்குள்ள நாட்டைக் காப்பாத்தணும்கிறதுதான் அதோட சாரம். படிக்கிறப்பல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கும்.

கேள்வி: அப்புறம் எப்படி ஜெயிச்சார்? சிப்பாய்ங்களும் ஓட்டுப் போட்டாங்களா? (அதே வாசகி)

பதில்: செப்டம்பர் 2-ல தெற்கோட முக்கிய ஊரான அட்லாண்டா, லிங்கனோட இன்னொரு தளபதி ஷெர்மன் படை கைக்கு வந்துச்சு, காத்து மாறிடுச்சு. ஆனா நான் பெருசா நெனைக்கிறது சிப்பாய்ங்க ஓட்டைத்தான். எதிர்த்து நின்ன மெக்கிளெல்லன் யாரு தெரியுமா, அவங்களோட பழைய தளபதி, அவரை அப்படிக் கொண்டாடுனவங்க. அவரோட கட்சி சிகாகோ மாநாட்டுல சண்டையை நிறுத்தணும்னு தீர்மானம் போட்டுச்சு, அவரே அதை ஏத்துக்கலன்றது வேற விஷயம். 19 மாநிலம் சிப்பாய்ங்க முகாம்லயே ஓட்டுப் போட வழி பண்ணுச்சு, இண்டியானா பண்ணல, அதனால முடிஞ்சவரை அந்த ஊர்ப் பசங்களை லீவுல வீட்டுக்கு அனுப்புங்கன்னு லிங்கன் ஷெர்மனுக்குக் கடிதம் எழுதுனார். கடைசியில சிப்பாய் ஓட்டுல 10-க்குக் கிட்டத்தட்ட 8 லிங்கனுக்கு. சண்டை நீண்டா முதல்ல சாகப்போறது தாங்கதான்னு தெரிஞ்சே போட்ட ஓட்டும்மா அது. நவம்பர் 8 தேர்தல், அதிபரைத் தேர்ந்தெடுக்கற மாநிலத் தேர்வாளர் ஓட்டுல 212-க்கு 21-னு ஜெயிச்சார், மெக்கிளெல்லனுக்குக் கிடைச்சது மூணே மாநிலம்.

கேள்வி: யாருக்காக சண்டை நடந்துச்சோ அந்தக் கறுப்பின மக்கள் ஓட்டுப் போட்டாங்களா? (வாசகர், கோவில்பட்டி)

பதில்: பெரும்பாலும் இல்ல தம்பி. போர் முடியறதுக்குள்ள 1,80,000 கறுப்பினத்தவங்க வட படையில சேர்ந்திருந்தாங்க, ஆனா வடகிழக்கு மூலையில இருக்கற நியூ இங்கிலாந்துப் பக்கம் சில மாநிலங்களை விட்டா வடக்குலயே அவங்களுக்கு ஓட்டு கிடையாது, நியூயார்க்ல சொத்து இருந்தாத்தான். நிறத்தைக் காட்டி ஓட்டைத் தடுக்கக்கூடாதுன்னு அரசியல் சட்டத்தோட 15-ஆவது திருத்தம் 1870-லதான் வந்துச்சு, அதைக் கேக்க எத்தனை பேர் உயிரோட இருந்திருப்பாங்க.