எழுபதுகளின் பிரிட்டிஷ் நகைச்சுவைகளை அப்பா ஏன் இன்னும் பார்க்கிறார்?

கேள்வி: லண்டனில் நெடுங்காலமாக வாழும் என் அப்பா, 1970களின் பிரிட்டிஷ் தொலைக்காட்சி நகைச்சுவைகளையே இன்னமும் திரும்பத் திரும்பப் பார்க்கிறார். நம்மைப் போன்றவர்களைக் கேலி செய்த காலத்து நிகழ்ச்சிகளை அவரால் எப்படி ரசிக்க முடிகிறது?

பதில்: உங்கள் அப்பாவின் வயதுதான் எனக்கும் இருக்கும் என்று நினைக்கிறேன். நீங்கள் அநேகமாக இங்கேயே பிறந்து வளர்ந்தவராக இருப்பீர்கள். என் மகளும் இதே கேள்வியை, ஏறத்தாழ இதே தொனியில், சாப்பாட்டு மேசையில் கேட்டிருக்கிறாள். அன்று பேச்சு பாதியில் நின்றுவிட்டது. சொல்ல நினைத்ததை இங்கே முழுமையாகச் சொல்கிறேன். அக்காலத்து நிகழ்ச்சிகள் அனைத்தையும் ஒரே மூட்டையாகக் கட்டி, இனவெறி என்று எழுதி ஒட்டிவிடுவது, அவற்றைப் பார்த்து வாழ்ந்த எங்களுக்குச் செய்யும் அநியாயம் என்பதே என் கருத்து.

நான் 1974இல் யாழ்ப்பாணத்திலிருந்து கணக்கியல் படிப்பதற்காக லண்டன் வந்தேன். அப்போது இலங்கையில் தொலைக்காட்சி என்பதே கிடையாது. 1979இல்தான் அங்கே ஒளிபரப்புத் தொடங்கியது. தூட்டிங்கில் நான் வாடகைக்கு இருந்த வீட்டின் உரிமையாளர், கணவரை இழந்த, லங்காஷயர் பகுதியைச் சேர்ந்த ஓர் அம்மையார். முன்னறையில் இருந்த தொலைக்காட்சிப் பெட்டி, அன்றைய பெரும்பாலான வீடுகளில் இருந்ததைப் போலவே, மாத வாடகைக்கு எடுத்த பெட்டி. பிபிசியின் இரண்டு அலைவரிசைகளும், விளம்பரங்களால் நடந்த தனியார் அலைவரிசையான ஐடிவியும் மட்டுமே இருந்தன; நான்காவது அலைவரிசை வருவதற்கு 1982 நவம்பர் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பிபிசியின் நிகழ்ச்சி நிரல் 'ரேடியோ டைம்ஸ்' இதழிலும், ஐடிவியின் நிரல் 'டிவி டைம்ஸ்' இதழிலும் தனித்தனியே வந்ததால், நத்தார் (கிறிஸ்துமஸ்) காலத்தில் அந்த அம்மையார் இரண்டு இதழ்களையும் வாங்கி, பார்க்க வேண்டியவற்றைப் பேனாவால் வட்டமிட்டு வைப்பார். சனிக்கிழமை இரவுகளில் என் அறைக் கதவைத் தட்டி, கீழே வந்து சேர்ந்து பார்க்கும்படி அழைப்பார். இந்த நாட்டில் என்னை ஒரு வீட்டின் முன்னறைக்குள் அழைத்து உட்காரவைத்த முதல் மனிதர் அவர்தான்.

அந்த முன்னறையில்தான் எரிக் மோர்கம், ஏர்னி வைஸ் என்ற நகைச்சுவை ஜோடியை முதன்முதலில் பார்த்தேன். எரிக்கின் இயற்பெயர் ஜான் எரிக் பார்த்தலோமியூ. தான் பிறந்த கடற்கரை ஊரான மோர்கமின் பெயரையே மேடைப் பெயராக வைத்துக்கொண்டவர். அந்த ஊர் லங்காஷயரில் இருப்பதால், தன் சொந்தக்காரப் பிள்ளையைப் பற்றிப் பேசுவது போலவே அம்மையார் அவரைப் பற்றிப் பேசுவார். இருவரும் சிறுவர்களாக இருந்தபோதே மேடையில் சந்தித்து, 1941இலிருந்து சேர்ந்து நடித்தவர்கள். 1954இல் அவர்கள் செய்த முதல் தொலைக்காட்சித் தொடர் படுதோல்வி அடைந்தது. தொலைக்காட்சிப் பெட்டி என்பது மோர்கமையும் வைஸையும் புதைத்த பெட்டி என்ற பொருளில் ஒரு பத்திரிகை எழுதியதை எரிக் வெட்டியெடுத்து, பல ஆண்டுகள் தம்மோடு வைத்திருந்தார். நான் பார்த்த அந்த எளிமைக்குப் பின்னால் முப்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட மேடை உழைப்பு இருந்தது. இன்று இணையத்தில் சில நொடிக் காணொளிகளைப் பார்த்துவிட்டு, இதில் என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் இதைக் கணக்கில் எடுப்பதில்லை.

1976இல் அவர்கள் செய்த காலை உணவுக் காட்சியை நீங்கள் அவசியம் பார்க்க வேண்டும். வானொலியில் ஒலிக்கும், ஆடை களையும் நடனத்துக்கான ஓர் இசைக்கு ஏற்ப, இருவரும் சமையலறையில் காலை உணவு தயாரிக்கிறார்கள். தாளத்தின் ஒவ்வோர் அடிக்கும் ஒரு பழம் இரண்டாகிறது, பாண் துண்டுகள் மேலே துள்ளுகின்றன, குளிர்சாதனப் பெட்டியிலிருந்து சொசேஜ்கள் மாலையாக வெளியே வருகின்றன. ஒரு சொல்கூடப் பேசப்படுவதில்லை. கல்லூரி ஆங்கிலம் மட்டுமே தெரிந்து, இங்குள்ள பேச்சின் பாதியைப் பிடிக்க முடியாமல் இருந்த எனக்கு, அந்த அம்மையார் சிரித்த அதே நொடியில் நானும் சிரிக்கக் கிடைத்த வாய்ப்பு அது. இந்தச் சிறிய விடயம் அக்காலத்தில் எவ்வளவு பெரிதாக இருந்தது என்பதை இங்கே பிறந்தவர்களுக்குப் புரியவைப்பது கடினம்.

அதே ஆண்டு நத்தார் நிகழ்ச்சியில், பிபிசியின் செய்தி வாசிப்பாளர் ஏஞ்சலா ரிப்பன் மேசைக்குப் பின்னாலிருந்து எழுந்து வந்து நடனமாடினார். ஒவ்வொரு மாலையும் இடுப்புக்கு மேல் மட்டுமே தெரியும்படி அமர்ந்து, நாட்டின் துயரங்களை வாசித்த ஒருவர் அவர். மறு ஆண்டின் நத்தார் இரவு நிகழ்ச்சியை 2 கோடிக்கும் அதிகமானோர் பார்த்தார்கள்; பிபிசி சொன்ன கணக்கு 2 கோடி 80 லட்சம். ஐடிவி தரப்பின் கணக்கு அதைவிடக் குறைவு என்பதும் எனக்குத் தெரியும். அதை வைத்து யாரும் வாதிட வர வேண்டாம். எந்தக் கணக்கை எடுத்தாலும், சுமார் 5 கோடி 60 லட்சம் பேர் வாழ்ந்த நாட்டில் மூன்றில் ஒரு பங்கினருக்கு மேல் ஒரே நேரத்தில் ஒரே நிகழ்ச்சியின் முன் அமர்ந்திருந்தார்கள். விடுமுறை முடிந்து வேலைக்குப் போனபோது, அதுவரை என்னிடம் காலை வணக்கம் மட்டுமே சொல்லிவந்த ஒரு சக ஊழியர், தானாகவே என் மேசைக்கு வந்து, செய்தி வாசிப்பாளர்கள் கடற்படைச் சீருடையில் குட்டிக்கரணம் போட்ட காட்சியைப் பார்த்தாயா என்று கேட்டார். பார்த்தேன் என்றேன். அன்றிலிருந்து நாங்கள் சேர்ந்துதான் மதிய உணவு உண்டோம்.

நீங்கள் கேட்ட கேலிக்கு வருகிறேன். அது இல்லை என்று நான் சொல்லவே மாட்டேன். வெள்ளையர்கள் முகத்தில் கருப்புச் சாயம் பூசிக்கொண்டு பாடி ஆடிய 'பிளாக் அன்ட் வைட் மின்ஸ்ட்ரல் ஷோ'வை பிபிசி 1958 முதல் 1978 வரை ஒளிபரப்பியது. அதை நிறுத்தக் கோரி 1967இலேயே மனுக் கொடுத்தார்கள். இன்னும் பதினொரு ஆண்டுகள் அது தொடர்ந்தது. அந்த நிகழ்ச்சிக்கு என்னிடம் எந்தச் சமாதானமும் கிடையாது. அந்த அம்மையாரின் வீட்டிலும் அது ஓடும்போது நான் மாடிக்குப் போய்விடுவேன். 'மைண்ட் யுவர் லாங்குவேஜ்' 1977இன் இறுதியில் ஐடிவியில் தொடங்கியது. வெளிநாட்டவருக்கு ஆங்கிலம் கற்பிக்கும் மாலை வகுப்புத்தான் கதைக்களம். தலைப்பாகை கட்டிய ரஞ்சித் சிங்காக வந்த அல்பர்ட் மோசஸ் சீக்கியர் அல்லர். நம் இலங்கையின் கம்பளையில் பிறந்தவர். அவர் திரையில் வந்தபோதெல்லாம் எனக்குப் பெருமையாகவும் இருந்தது, சங்கடமாகவும் இருந்தது. பெருமை, அவருடைய திறமையால். சங்கடம், அந்த ஊரிலிருந்து வந்தவருக்கு இந்தச் சட்டையை மட்டுமே தைத்து வைத்திருந்தார்களே என்பதால்.

அந்தத் தொடர் ஓடிய காலத்தில், நான் பயிற்சி பெற்ற நிறுவனத்தின் மேலாளர் ஒருவர் வார இறுதியில் கேட்ட உச்சரிப்புகளைத் திங்கட்கிழமை காலையில் என்மீது பரீட்சித்துப் பார்ப்பார். தலையை ஆட்டிக்கொண்டே என் பெயரை நீட்டி அழைப்பார், சுற்றியிருந்தவர்கள் சிரிப்பார்கள். தேர்வில் அவரைவிட முன்னதாகத் தேறிய பாடங்கள் எனக்கு உண்டு. ஆனாலும் வாடிக்கையாளரைச் சந்திக்க ஒருமுறைகூட என்னை அழைத்துச் சென்றதில்லை. அந்தத் திங்கட்கிழமைகள் இன்றும் எனக்கு வலிக்கின்றன. எனவே, அந்தத் தொடரை ஐடிவிக்காகத் தயாரித்த லண்டன் வீக்கெண்ட் தொலைக்காட்சியில் பொறுப்பில் இருந்த மைக்கேல் கிரேட், இனங்களைப் பற்றிய அச்சுவார்ப்புச் சித்திரிப்பு புண்படுத்துகிறது என்று கருதி அந்தத் தொடரை நிறுத்தியபோது நான் வருந்தவில்லை. அல்பர்ட் மோசஸுக்கு வேலை போயிற்றே என்று மட்டும் வருந்தினேன். என்னைக் காயப்படுத்தியதும் தொலைக்காட்சி, மதிய உணவுக்குத் துணை தேடித் தந்ததும் தொலைக்காட்சி. உங்கள் அப்பாவுக்கும் இப்படி இரண்டு கணக்குகளும் இருக்கக்கூடும்.

'டாட்ஸ் ஆர்மி' பற்றிச் சொல்லாமல் இதை முடிக்க முடியாது. 1968 முதல் 1977 வரை வந்த அத்தொடரில் 80 பகுதிகள். இரண்டாம் உலகப்போரில், படையில் சேர முடியாத முதியவர்களும் இளைஞர்களும் சேர்ந்து ஒரு கற்பனைக் கடற்கரை ஊரைக் காக்கும் கதை. எழுதிய இருவரில் ஒருவரான ஜிம்மி பெரி, தம் இளமையில் அத்தகைய ஊர்க்காவல் படையில் இருந்தவர். ஆங்கிலேயரின் வர்க்கப் பிரிவை எனக்குக் கற்பித்தது எந்தப் பாடநூலும் அல்ல, இந்தத் தொடர்தான். வங்கி மேலாளர் மேன்வாரிங் படையில் கப்டன்; அவருக்குக் கீழே வேலை செய்யும் வில்சன், வங்கியிலும் படையிலும் இரண்டாம் நிலைதான். ஆனால் வில்சன் உயர்குடியில் பிறந்து, உயர்ந்த பள்ளியில் படித்தவர். அவர் நிதானமாக ஒரு வாக்கியம் பேசினாலே மேன்வாரிங்கின் முகம் சுருங்கிவிடும். மேன்வாரிங்காக நடித்த ஆர்தர் லோவின் அந்த முகத்தைப் பார்த்தபோது, பதவியால் உயர்ந்தும் பிறப்பை மறக்கவிடாத ஒரு சமூகத்தை நான் அடையாளம் கண்டேன். யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவனுக்கு அதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. வெள்ளையர் என்றால் எல்லோரும் ஒன்று என்ற என் எண்ணம் அந்த முன்னறையில்தான் மாறியது.

1984 ஏப்ரல் 15, ஞாயிறு இரவு. அப்போது எனக்குத் திருமணமாகி, எங்கள் சொந்த வீட்டில் இருந்தோம். முந்தைய ஆண்டின் யூலையில் இலங்கையில் தமிழருக்கு எதிராக நடந்த வன்முறைக்குப் பிறகு எங்கள் வீட்டில் சிரிப்பே குறைந்திருந்தது. ஊரிலிருந்து கடிதம் வந்தாலும் பயம், வராவிட்டாலும் பயம். அந்த இரவு ஹெர் மெஜஸ்டிஸ் அரங்கிலிருந்து நேரடி ஒளிபரப்பில், சிவப்புத் துருக்கித் தொப்பியோடு டொமி கூப்பர் வந்தார். வேண்டுமென்றே மந்திர வித்தைகளைத் தவறாகச் செய்து சிரிக்க வைப்பவர். உண்மையில் அந்த வித்தையில் தேர்ந்தவர். என் மனைவி பல மாதங்களுக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தாள். உதவிக்கு வந்த பெண் மேலங்கியை அணிவித்துவிட்டுப் போனதும், அவர் திரைச்சீலையில் சாய்ந்தபடி மெல்லச் சரிந்து உட்கார்ந்தார். அதுவும் வித்தையின் பகுதி என்று நினைத்து அரங்கம் சிரித்தது, நாங்களும் சிரித்தோம். பிறகு விளம்பரத்துக்குப் போனார்கள். மாரடைப்பால் இறந்துவிட்டார் என்ற செய்தி பின்னர்தான் வந்தது. அவருக்கு வயது 63. ஆறு வாரங்களில், மே 28 அன்று, டியூக்ஸ்பரி நகரில் ஒரு மேடை நிகழ்ச்சியை முடித்த கையோடு சரிந்து விழுந்த எரிக் மோர்கமும் 58 வயதில் இறந்தார். எங்கள் துயரங்களுக்கு நடுவே இந்த இரண்டு பிரிட்டிஷ்காரர்களுக்காகவும் நாங்கள் அழுதோம். ஊரில் அத்தனை பேர் இறக்கும்போது இவர்களுக்காக அழுவதா என்று கேட்பவர்கள் இருக்கலாம். இரண்டுக்கும் கண்ணீர் இருந்தது.

எனக்கு இன்றும் தீராத மனக்குறை ஒன்று உண்டு. இந்த நிகழ்ச்சிகளில் கணிசமானவற்றை பிபிசியே அழித்துவிட்டது. அன்றைய ஒளிநாடாக்கள் விலை அதிகம் என்பதால், பதிவானதன் மேலேயே புதியதைப் பதிந்தார்கள். நடிகர் சங்கங்களோடு செய்த ஒப்பந்தங்கள் மறு ஒளிபரப்பை மட்டுப்படுத்தியிருந்ததால், பழையவற்றை வைத்திருப்பதில் பயனில்லை என்றும் கருதினார்கள். 'டாட்ஸ் ஆர்மி'யின் இரண்டாம் தொடரில் மூன்று பகுதிகள் இன்றும் கிடைக்கவில்லை. மோர்கம் வைஸின் 1970ஆம் ஆண்டு நிகழ்ச்சி ஒன்று, எரிக்கின் குடும்ப வீட்டுக் கூரையடி அறையில் அவருடைய மகன் கண்டெடுத்த பிறகுதான் 2021 நத்தாருக்கு மீண்டும் ஒளிபரப்பானது. மக்கள் கட்டிய தொலைக்காட்சி உரிமக் கட்டணத்தில் உருவான கலையை, அதே மக்களைக் கேட்காமல் அழித்ததை நான் மன்னிக்கத் தயாராக இல்லை. யாழ்ப்பாண நூலகம் எரிந்ததைக் கண்ட தலைமுறை நாங்கள். இரண்டும் ஒன்றல்ல என்று எனக்கு நன்றாகத் தெரியும், ஆனாலும் அழிந்த பதிவுகள் என்ற சொல்லைக் கேட்டாலே எங்களுக்கு உடல் பதறும்.

உங்கள் அப்பாவிடம் ஏன் ரசிக்கிறீர்கள் என்று கேட்காதீர்கள். அந்தக் கேள்வியில் குற்றச்சாட்டு தொனிக்கிறது. எந்த வீட்டில், யாரோடு பார்த்தீர்கள் என்று கேளுங்கள். சேர்ந்து பார்ப்பதானால் முதலில் அந்தக் காலை உணவுக் காட்சி, அதன்பின் 'டாட்ஸ் ஆர்மி'யில் ஜெர்மானிய நீர்மூழ்கிக் கப்பல்காரர்கள் பிடிபட்டு வரும் 1973ஆம் ஆண்டுப் பகுதி. 'மைண்ட் யுவர் லாங்குவேஜ்' வேண்டுமா வேண்டாமா என்பதை அவரே சொல்லட்டும்.